அப்பத்தாவை எப்படிக் கூட்டிப் போவது?



போன மாதம் எங்க அப்பத்தாவுக்குச் சென்னையில் முழங்கால் ஆபரேஷன். மதுரையிலிருந்து கிட்டத்தட்ட 460 கி.மீ. முட்டியை மடக்கவே முடியாதவரை எதில் கூட்டிப் போவது என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை.

"பிளேன்தான், ஒண்ணேகால் மணி நேரம்" என்றார் சித்தப்பா. வீல்சேர் தருவார்கள், உண்மைதான். ஆனால் சீட்டில் காலை நீட்ட முடியாது. நாலு பேருக்கு டிக்கெட் விலை பார்த்ததும் அவரே பேச்சை மாற்றிவிட்டார்.

வாடகைக் கார் வாசலுக்கே வரும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் கேட்டார்கள். டிரைவர் காலியாகத் திரும்பும் தூரமும் நம்ம கணக்குதான்: 920 கி.மீ., 12,880 ரூபாய். டோல், பேட்டா தனி. ராத்திரி முழுக்க ஒரே டிரைவர் என்றதும் அம்மாவுக்குப் பயம். அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்று: "நடுவுல ஒண்ணுக்கு வந்தா எங்கடா போறது?"

அத்தோடு ரயில் என்று முடிவானது. படுத்துக்கிட்டே போகலாம், கக்கூஸும் உள்ளேயே.

இதைக் கவனியுங்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுவிட்டது. ஆனால் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. டிக்கெட்டில் அந்த வயதுக்காரர் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கணும். எங்களையும் சேர்த்தால் கிடைக்காது. அதனால் அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் அப்பா தனி டிக்கெட் போட்டார். (அம்மாவுக்கு 46 வயசு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்!)

எனக்கும் அப்பாவுக்கும் ஆர்.ஏ.சி. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரே சைடு பெர்த்தில் விடிய விடிய உட்கார்ந்தே போனோம். அப்பத்தா செங்கல்பட்டு வரை குறட்டை.

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு