எட்டுப் பிட்டில் தமிழ்: குறியிலா முழுவெண்ணின் எல்லை

1972ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தை நம் பினாங்கில், பாயான் லெப்பாசில் தொடங்கியது. அதே ஆண்டில் 8008 என்னும் எட்டுப் பிட் நுண்செயலியையும் அந்நிறுவனம் வெளியிட்டது. எட்டுப் பிட் என்னும் அச்சிறு அளவே பின்னாளில் தமிழ் எழுத்துகள் கணினியில் இடம்பெற்ற முறையைத் தீர்மானித்தது. அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பிட் என்பது 0, 1 என்னும் இரண்டில் ஒன்றை மட்டும் கொள்ளும் இடம். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். அது 256 நிலைகளைக் கொள்ளும். அந்நிலைகளைக் கழித்தல் குறிக்கு இடமின்றி எண்ணினால் 0 முதல் 255 வரை அமையும். இதுவே குறியிலா முழுவெண். பாதியைக் கழித்தல் எண்களுக்கு ஒதுக்கினால் −128 முதல் 127 வரை அமையும். இது குறியுடை முழுவெண். குறியிலா பைட்டில் உள்ள 255உடன் 1 கூட்டி அதிலேயே இட்டால் 0 வரும். 0இலிருந்து 1 கழித்தால் 255 வரும். பிழை நேர்ந்ததாகச் சி மொழி நமக்கு அறிவிப்பதில்லை.

இனி, தமிழுக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் கொண்ட ஆஸ்கி முறை 0 முதல் 127 வரையுள்ள இடங்களை எடுத்துக்கொண்டது. எஞ்சியவை 128 இடங்கள். தமிழ் எழுத்துகளோ 247. ஆகவே திஸ்கி போன்ற எட்டுப் பிட் குறியாக்கங்கள் உயிர்மெய்களைப் பிரித்து அடுக்கின. ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று எண்களாயிற்று.

இவ்வாறு தமிழுக்கு வாய்த்த எண்கள் யாவும் 127க்கு மேற்பட்டவை. திஸ்கியில் அகரத்தின் எண் 171. சி மொழியில் எழுத்துக்கென உள்ள வகை குறியுடையதா, குறியிலாததா என்பதை அம்மொழியின் தரநிலை கம்பைலரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. குறியுடையதாகக் கொண்ட கணினியில் 171 என்பது −85 ஆகிவிடும். அவ்வெண்ணைக் கொண்டு எழுத்துப் பட்டியலைத் தேடும் நிரல், பட்டியலுக்கு வெளியே கைவைக்கும். ஆங்கிலத்தில் பிழையின்றி இயங்கிய நிரல் தமிழில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூனிகோடு வந்தபின் அகரத்தின் எண் 2949 ஆயிற்று. ஒரு பைட்டில் அது அடங்காது. 65,535 வரை கொள்ளும் 16 பிட்டில் எளிதில் அடங்கும். எனினும், இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் அகரம் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாகவே செல்கிறது. மூன்றும் 127க்கு மேற்பட்டவை. ஆதலால் பழைய இடர் இன்னும் நீங்கவில்லை.

எனவே, நிரல் கற்கும் நம் மாணவர் ஒரு வகையைத் தெரிவுசெய்யுமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இங்கு வரக்கூடிய மிகப் பெரிய எண் எது? கழித்தல் எண் வர இடமுண்டா? எழுத்தின் பைட்டுகளைக் கையாளும்போது குறியிலா வகையை வெளிப்படையாக அறிவித்தலே தக்கது. எழுதிய நிரலை ஒரு தமிழ்ச் சொல்லையும் இட்டுச் சோதித்துப் பார்த்தல் நலம்.