தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்குச் சேற்று டயர் தேவையா?

பிடோக் வட்டாரத்தின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீங்க. பெட்டி மாதிரி உருவம், பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரம். டயரைப் பார்த்தால் ஏதோ பெரிய காட்டைக் கடந்து வந்த மாதிரி இருக்கும். ஆனால் போன வாரம் முழுக்க அது போனது வேலையிடத்துக்கும் தெம்பனிஸ் கடைத்தொகுதிக்கும்தான்.

ஒருவேளை அது உங்க வண்டியாகவே இருக்கலாம். டயர் தேய்ந்துபோச்சு. மாற்றுவதற்குக் காக்கி புக்கிட் பக்கம் போறீங்க. "பாஸ், மட் டயர் போட்டா செமயா இருக்கும்" என்கிறார் கடைக்காரர். உண்மைதான், செமயா இருக்கும். ஆனால் அந்த டயரை வைத்துக்கொண்டு நீங்கள் தீவு விரைவுச்சாலையில் கொட்டும் மழையில் பிரேக் போட வேண்டியிருக்கும். அதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை.

மூணு வகை டயர், மூணு வேலை

நான்கு சக்கர உந்துசக்தி வண்டிகளுக்குப் பொதுவாக மூன்று வகை டயர்கள் கிடைக்கும். தார்ச்சாலைக்கான ஹைவே-டெரெய்ன், சாலை பாதி மண் பாதி என்ற கணக்கில் வரும் ஆல்-டெரெய்ன், சேற்றுக்கான மட்-டெரெய்ன். கடைகளில் சுருக்கமாக எச்.டி., ஏ.டி., எம்.டி. என்பார்கள். ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவில் 'ரக்கட்-டெரெய்ன்' என்று ஒன்றும் இப்போது விற்பனையில் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று எழுதியிருந்தால் அது சேற்று டயர் என்று நினைத்துவிடாதீங்க. ஏ.டி. டயர்கள் பலவற்றிலும், சில எச்.டி. டயர்களிலும்கூட அந்த முத்திரை இருக்கும்.

சேற்று டயரை அடையாளம் காண எழுத்தே தேவையில்லை. பெரிய பெரிய ரப்பர் கட்டிகள், அவற்றுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள். டயரின் தோள்பட்டைப் பகுதியில் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள். மலாய்க்காரர்கள் டயரின் மேல் இருக்கும் வடிவத்தை 'பூங்கா', அதாவது பூ என்பார்கள். சேற்று டயரில் இருப்பது பூ இல்லை, கோரைப்பல்!

அந்தப் பள்ளங்கள் எதுக்கு?

சாதாரண டயர் களிமண்ணில் இறங்கினால் இரண்டு மூன்று சுற்றுக்குள் அதன் சின்னப் பள்ளங்கள் எல்லாம் மண்ணால் அடைபட்டுவிடும். அப்புறம் அது வழுவழுப்பான உருளை மாதிரிதான். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதே இடத்தில் வழுக்கும். சேற்று டயரின் பள்ளங்கள் அகலமாகவும் ஆழமாகவும் இருப்பதால் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே சேறு வெளியே வீசி எறியப்படும். ஒவ்வொரு சுற்றிலும் சுத்தமான விளிம்பு ஒன்று புதிதாக மண்ணைக் கவ்வும். தோள்பட்டைப் பற்கள் பள்ளத்தின் சுவரைப் பிடித்து வண்டியை மேலே இழுக்கும்.

இந்த வேலையில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டியை வேண்டுமென்றே பருவமழைக் காலத்தில்தான் நடத்துவார்கள். சேறு அதிகம் இருக்கணும் என்பதற்காகவே! அங்கே ஏ.டி. டயரோடு போய் நின்றால் சிரிப்பார்கள்.

பிரச்சினை, அதே டயர் தார்ச்சாலைக்கு வரும்போதுதான்.

மழையில் என்ன நடக்கிறது?

சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. கிட்டத்தட்ட ஆண்டின் பாதி நாள்கள் மழை நாள்கள். அதிலும் 'சுமத்ரா' சூறைக்காற்று என்றால் விடியற்காலையிலோ காலையிலோ வரும். சரியாக நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம்.

இங்கேதான் பலரும் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "பள்ளம் பெருசா இருக்கே, தண்ணி சீக்கிரம் வெளியேறிடும், அப்போ மழைக்கு நல்லதுதானே?" பாதி சரி. சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால், டயர் தண்ணீர் மேல் மிதக்காமல் இருக்க ஆழமான பள்ளங்கள் உதவும். ஆனால் சாலையில் பெரும்பாலான நேரம் இருப்பது தேங்கிய தண்ணீர் இல்லை, மெல்லிய ஈரப் படலம். அதன் மேல் வண்டியை நிறுத்துவதற்கு மூன்று விஷயங்கள் தேவை: தரையில் படும் ரப்பரின் பரப்பு, ஈரத்தைத் துடைத்தெடுக்கும் மெல்லிய கீறல்கள், ஈரத்திலும் ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் கலவை.

சேற்று டயரில் பாதி இடம் காலிப் பள்ளம் மாதிரி. தரையில் படும் ரப்பர் குறைவு. மெல்லிய கீறல்களும் குறைவு. கலவையோ கல்லில் கிழியாமல் இருப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. அதோடு உயரமான ரப்பர் கட்டிகள் பிரேக் போடும்போதும் வளைவிலும் நெளியும். விளைவு, ஈரச் சாலையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். எவ்வளவு கூடுதல் என்பது டயருக்கு டயர் மாறும். ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நினைவில் வச்சுக்கோங்க. முன்னால் இருக்கும் காரின் பின்விளக்கு சிவப்பாக எரியும்போது ஐந்து மீட்டர்கூடப் பெரிய விஷயம்.

புது சேற்று டயர்கள் முன்பைவிட எவ்வளவோ மேம்பட்டவை. அதை மறுக்கவில்லை. ஆனால் அதே தயாரிப்பாளரின் ஏ.டி. டயரும் அதே காலத்தில் மேம்பட்டிருக்கிறது.

சத்தம், எடை, எண்ணெய்

சேற்று டயர் ஓடும்போது 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். ரப்பர் கட்டிகள் தரையில் அடிப்பதாலும், பள்ளத்தில் சிக்கிய காற்று வெளியேறுவதாலும் வருவது அது. புதிதில் பரவாயில்லை. டயர் ஒழுங்கில்லாமல் தேய ஆரம்பித்ததும் ஜொகூர் பாருவிலிருந்து மலாக்கா போவதற்குள் பாட்டின் ஒலியை இரண்டு தடவை கூட்டிவிடுவீங்க. இதைத் தள்ளிப்போட 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது சக்கரங்களை இடம் மாற்றிப் போடணும்.

எடையும் கூடும், உருளும்போது ஏற்படும் தடையும் கூடும். அதனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஜிம்னி மாதிரி 1.5 லிட்டர் இயந்திரம் கொண்ட சின்ன வண்டியில் அந்த மந்தம் காலிலேயே தெரியும்.

அளவை மாற்றினால்?

சேற்று டயர் போடுபவர்கள் பலர், கையோடு ஒரு சுற்று பெரிய டயராகவும் போட ஆசைப்படுவார்கள். கணக்கைப் பாருங்க. இப்போதைய ஜிம்னியுடன் வருவது 195/80 ஆர்15. அதன் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. தரையிலிருந்து வண்டி 20 மில்லிமீட்டர் உயரும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூடுதல் தூரம் போகும். முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 90 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் போவது 95. வேகக் கேமராவிடம் இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. டயர், வண்டித் தயாரிப்பாளர் பரிந்துரைத்த அளவுக்கு ஏற்ப இருக்கணும். சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். வேறு அளவு போட நினைத்தால் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தைப் பாருங்க, அப்புறம் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்க. வண்டிப் பரிசோதனை நாளில் போய்க் கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

சரி, நீங்க எங்கேதான் போறீங்க?

முடிவெடுக்க இந்தக் கேள்வி ஒன்றே போதும். சிங்கப்பூரில் சேறு தேடிப் போக இடம் கிடையாது என்றே சொல்லலாம். காலி நிலம் மாதிரி தெரிவது பெரும்பாலும் அரசாங்க நிலம் அல்லது ராணுவப் பயிற்சிப் பகுதி. அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல்.

அதனால் எல்லாரும் கடற்பாலத்தைத் தாண்டித்தான் போகணும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்று தடவை ஜொகூரில் மண்பாதைக்குப் போறீங்க, ஒவ்வொரு தடவையும் 30 கிலோமீட்டர். மொத்தம் 90. அதாவது நூறு கிலோமீட்டரில் ஒன்றுகூட இல்லை! அந்த மண்பாதைக்குப் போய்ச்சேருவதற்கே 110 கிலோமீட்டர் வேக வரம்புள்ள வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓட்டியிருப்பீங்க.

அந்த 90 கிலோமீட்டரும் எப்படிப்பட்ட பாதை? கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்குப் போகும் வழி மாதிரி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் செம்மண், சரளைப் பாதைகளா? காய்ந்த நாளில் அதற்கு ஏ.டி. டயர் தாராளமாகப் போதும். சரளையில் ஏ.டி. டயரே நன்றாகப் பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன். இந்தியாவில் மஹிந்திரா 2020-இல் புது தார் வண்டியை வெளியிட்டபோது உயர் ரகத்துக்கு ஏ.டி. டயரைத்தான் போட்டுக் கொடுத்தது.

மழைக்காலத்தில், வின்ச் பூட்டிய நண்பர்களோடு, களிமண் பள்ளத்தில் இறங்குவதற்கென்றே மாதாமாதம் போகிறவரா நீங்க? அப்போது சேற்று டயர் வாங்குங்க. உங்களுக்காகத்தான் அதைச் செய்தார்கள். கூடவே மழையில் முன்வண்டிக்கு விடும் இடைவெளியையும் கூட்டிக்கோங்க.

இன்னொரு செட் சக்கரம் வாங்கி, பயணத்துக்கு மட்டும் மாட்டலாமே என்று கேட்கலாம். நல்ல யோசனைதான், தரைவீடு இருந்தால். வீவக வீட்டில் நான்கு டயரை எங்கே வைப்பீங்க? பொதுத் தாழ்வாரத்தில் எரியக்கூடிய பொருள்களை வைக்க முடியாது. அம்மா படுக்கையறைக்குள் விடமாட்டாங்க.

டயரை மாற்றுவதற்கு முன் காற்றை மாற்றுங்க

மண்பாதையில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைப்பது பலர் முயன்றுகூடப் பார்க்காத வழி. 30 பி.எஸ்.ஐ. இருக்கும் இடத்தில் 20 பக்கம் இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும். பிடிமானம் கூடும், குலுங்கலும் குறையும். செலவு, காற்று அளக்கும் கருவியும் சின்ன மின்பம்பும் மட்டுமே. ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடியும் நிரப்பியே ஆகணும். காற்று குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கலாம்.

கடையில் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்க. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நம் ஊரில் வேகமாக விற்காத வகைகள் கிடங்கில் நாளாகக் கிடக்கலாம், அதனால் கேட்டு வாங்குங்க.

அடுத்தது, பின்கதவில் தொங்கும் ஐந்தாவது சக்கரம். நான்கை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டு அதைப் பழைய அளவிலேயே விட்டால், பஞ்சராகும் நாளில் ஒரு சக்கரம் சிறியதாக இருக்கும். அந்த நிலையில் நான்கு சக்கர உந்துசக்தியைப் போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டினால் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். விலை கேட்கும்போதே ஐந்து டயருக்குக் கேளுங்க.