நறுக்கென்று கடிபடும் கோடைக் கோசுமல்லி

சித்திரை வெயில் பாலசமுத்திரத்தில் எப்படிக் காயும் என்பதை இவ்வட்டாரத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிமிர்ந்து நோக்கினால் மலை. அதன் உச்சியில் கோடைக்கானலின் குளிர்ச்சி. அடிவாரத்தில் நாமோ விசிறியும் கையுமாக அமர்ந்திருக்கிறோம். ஆயினும் திருமணம், புதுநன்மை, உறவினர் கூட்டம் யாவும் இம்மாதங்களில்தான் வந்து குவிகின்றன.

முன்னொரு மே மாதம், விடுமுறை மறைக்கல்வி வகுப்பின் நிறைவு நாளன்று, பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியாக ஏதேனும் படைக்க விரும்பினோம். காலை எட்டு மணிக்கே முட்டைக்கோசைச் சீவி, உப்பு, எலுமிச்சைச் சாறு, தேங்காய்த் துருவல் அனைத்தையும் கலந்து மூடிவைக்கச் சொன்னவர் நாமேதான். பகல் ஒரு மணிக்குத் திறந்தால் அண்டாவில் பாதி நீர்; கோசு துவண்டு கிடந்தது; தேங்காய் புளித்து வாடை வீசியது. முழுவதையும் குழியில் கொட்டினோம். பிள்ளைகள் வெறும் மோர்ச்சோற்றுடன் எழுந்தனர். "உப்புக்கு என்ன சாமி அவசரம்?" என்று சமைத்த பாட்டியம்மாள் கேட்டதற்கு நம்மிடம் விடை இல்லை.

அவர் கேட்டது நியாயமே. உப்பு, காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். நீர் போனால் விறைப்பும் போகும். மாறாக, சீவிய கோசைக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் இட்டால், அது நீரை உள்வாங்கி விறைத்து நிற்கும். பின்னர் நன்கு வடித்து, தூய துணியில் பரப்பி ஈரம் போக்க வேண்டும்.

மேனாட்டார் இதனைக் 'கோல்ஸ்லா' என்பர். டச்சு மொழியில் 'கோல்' என்றால் கோசு, 'ஸ்லா' என்றால் பச்சைக்காய்க் கலவை. அவர்கள் சேர்க்கும் மயோனைஸ் நம் வெயிலுக்கு ஏற்றதன்று. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது நினைவிருக்கலாம்.

நம்மிடமோ கோசுமல்லி இருக்கிறது. ஊறிய பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்ந்த அதனை, இராமநவமியன்று பானகம், நீர்மோருடன் நம் இந்துச் சகோதரர்கள் வழங்கக் கண்டிருப்பீர்கள். (செட்டிநாட்டில் கோசுமல்லி என்றால் கத்தரிக்காயை வேகவைத்து மசிப்பது, அது வேறு.) இதனுடன் மலைக்காய்களைக் கூட்டினால் சுவையே தனி. சிறப்பாகச் சௌசௌ! மெக்சிகோவிலிருந்து வந்து பழனி மலைப் பந்தல்களில் படர்ந்துவிட்ட இக்காயைக் கூட்டுக்கும் சாம்பாருக்கும் மட்டுமே நம் இல்லத்தரசியர் அறிவர். பச்சையாகத் தின்றால் வெள்ளரியைவிட நறுக்கென்றிருக்கும். தோல் சீவும்போது பால் கையில் ஒட்டும். நீருக்குள் வைத்துச் சீவுக.

இருபத்தைந்து பேருக்கு: கோசு 1 கிலோ, சௌசௌ அரைக் கிலோ, காரட் அரைக் கிலோ, கிளிமூக்கு மாங்காய் ஒன்று, பாசிப்பருப்பு 200 கிராம். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். சௌசௌவைத் தீக்குச்சி போல் மெல்லியதாக அரியுங்கள், துருவினால் குழைந்துவிடும். மாங்காயையும் அவ்வாறே. பச்சைமிளகாய், கொத்துமல்லி உங்கள் விருப்பம். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஆறிய பின்னரே ஊற்றுங்கள். சூட்டோடு கொட்டினால் கோசு வாடும்.

பந்தியில் இலை போட்ட பிறகே உப்பு, நான்கு எலுமிச்சையின் சாறு, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், வறுத்து உடைத்த நிலக்கடலை ஆகியவற்றைக் கலக்க வேண்டும். மாங்காய் புளிப்பாயிருந்தால் எலுமிச்சை இரண்டு போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாயிருங்கள். இது அடுப்பேறாத உணவு. கோசின் மேலிதழ்களை நீக்கி, உள்ளிதழ்களைப் பிரித்து உப்புநீரில் அலசுங்கள். கடைசி அலசலுக்கும் ஊறவைப்பதற்கும் கொதித்தாறிய நீரே வேண்டும். அதைப் பானையில் ஊற்றிவைத்தால் குளிர்ச்சியும் கிடைக்கும். கைக்குழந்தைகளுக்கும் வயிறு நலிந்த முதியோர்க்கும் இதனைப் பரிமாற வேண்டாம். மிஞ்சியதை மாலைப் பந்திக்கு எடுத்துவைக்கவும் வேண்டாம். காய்களைத் தனித்தனியே நறுக்கி ஈரத்துணியால் மூடிவைத்து, பந்திக்குப் பந்தி புதிதாகக் கலந்துகொண்டால் எதுவும் மிஞ்சாது. சென்ற கோடையில் அப்பாட்டியம்மாள் அவ்வாறே செய்தார். மூன்றாம் பந்தியில் அமர்ந்த நமக்கும் நறுக்கென்றே கிடைத்தது.