கையேட்டின் பிழையும் மென்பொருளின் பிழைதான்

ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் கையேட்டில், பிழைகளை எப்போது தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி ஒன்று உண்டு. நிரல் பாதியில் நின்றுபோனால் சொல்லுங்கள், கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்தால் சொல்லுங்கள் என்று வழக்கம்போலப் போகிற பேச்சு, கடைசியில் யாரும் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு கட்டளையைப் பற்றிக் கையேட்டில் இருப்பதைக் கவனமாகத் திரும்பப் படித்த பிறகும் அது என்ன செய்யும் என்று உங்களுக்கு விளங்கவில்லையா, அதுவும் பிழைதான், கையேட்டின் பிழை, தெரிவியுங்கள் என்கிறது. நிபுணர் அல்லாதவருக்கும் விளங்க வைப்பதே கையேட்டின் வேலை. நிரலின் பிழையைச் சொல்வது எவ்வளவு முக்கியமோ, கையேட்டின் பிழையைச் சொல்வதும் அவ்வளவு முக்கியம் என்று காரணமும் தருகிறது. மிக்ஸியோடு வரும் சிறு புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுகிற நமக்கு இது மிகையாகத் தோன்றலாம். தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடம் சந்தேகம் கேட்டால் 'முதலில் மேனுவலைப் படியுங்கள்' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வருவதும் நமக்குப் பழக்கம். ஈமாக்ஸ் கையேட்டின் அந்த விதியை மிகை என்று தள்ளிவிடாமல், சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

ஈமாக்ஸ் வயதான மென்பொருள். 1976இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் குனு ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். பக்க அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்தை எழுதவும் திருத்தவும் உதவுகிற கருவி அது. நிரலாளர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள், கட்டுரையும் புத்தகமும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதால் அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஸ்டால்மன் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'தன்னைத்தானே விளக்கும் எடிட்டர்' என்ற பொருள்படும் அடைமொழி இருக்கிறது. அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. ஈமாக்ஸில் கன்ட்ரோலோடு எச் விசையைத் தட்டி, பிறகு கே தட்டி, அதன்பின் எந்த விசையை வேண்டுமானாலும் அழுத்துங்கள். அந்த விசை என்ன செய்யும் என்று திரையில் விளக்கம் வரும். விளக்கம் எங்கோ தனிப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டின் தலைமாட்டிலேயே நாலைந்து வரிகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் விரிவான கையேடு ஒன்று, நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று, புதிதாக வருகிறவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சிப் பாடம் என்று அடுக்குகள் உண்டு.

இத்தனை அடுக்குகளையும் ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால் போதாதா, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து திருத்துவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். 2009இல் வந்த 23ஆம் பதிப்பில் நடந்ததைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதுவரை ஈமாக்ஸில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தால், இப்போது நாம் எல்லா மென்பொருள்களிலும் பார்ப்பதைப்போல அந்தப் பகுதி தானாக நிறம் மாறிக் காட்டாது. வேண்டுமென்பவர்கள் அந்த வசதியைத் தனியே இயக்கிக்கொள்ள வேண்டும். 23ஆம் பதிப்பில் அது எல்லோருக்கும் தொடக்கத்திலேயே இயங்கும்படி மாற்றினார்கள். நிரலைப் பொறுத்தவரை ஓர் அமைப்பின் மதிப்பு 'இல்லை' என்பதிலிருந்து 'உண்டு' என்று மாறியது, அவ்வளவுதான். கையேட்டிலோ அத்தியாயமே தலைகீழானது. முன்பு அந்த வசதியைச் சிறப்பு ஏற்பாடாகத் தனிப் பகுதியில் விளக்கியிருந்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு அதுவே இயல்பு ஆகி, அதை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பது தனிப் பகுதியாயிற்று. பழைய வாசகங்களை எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போய்விட்ட பிறகும் பழைய நிலையத்தின் சுவரில் இருக்கும் கால அட்டவணையைப்போல, எழுதிய நாளில் உண்மையாக இருந்தது நின்ற இடத்திலேயே பொய்யாகிவிட்டது. பெரும்பாலான கையேட்டுப் பிழைகள் இந்த வகைதான். எழுத்துப் பிழையைக் கண் பிடித்துவிடும். வாக்கியம் அழகாக, இலக்கண சுத்தமாக இருந்துகொண்டே பொய் சொல்லும்போதுதான் கஷ்டம்.

இந்தப் பொய்யை வருமுன் தடுக்க ஈமாக்ஸ்காரர்கள் கையாளும் உத்தி ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். கோப்பைச் சேமிக்க கன்ட்ரோல்-எக்ஸ், அடுத்து கன்ட்ரோல்-எஸ் என்பது வழக்கமான விசை. ஆனால் ஈமாக்ஸில் எந்த விசையையும் யாரும் தன் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் சேமிக்கும் கட்டளையை எஃப்2 விசைக்கு மாற்றி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். விளக்கத்தில் விசையின் பெயர் அச்சடித்ததுபோல் உட்கார்ந்திருந்தால் அவரைப் பொறுத்தவரை அது தவறு. அதனால் நிரலுக்குள் விளக்கம் எழுதுகிறவர் விசையின் பெயரை எழுதாமல், பின்சாய்கோடும் சதுர அடைப்பும் போட்டு அதற்குள் கட்டளையின் பெயரை மட்டும் எழுதுகிறார். விளக்கத்தைத் திரையில் காட்டும் கணத்தில், இந்தப் பயனாளியிடம் அந்தக் கட்டளை எந்த விசையில் இருக்கிறது என்று ஈமாக்ஸ் தேடிப் பார்த்து இட்டு நிரப்புகிறது. எஃப்2 வைத்திருப்பவருக்கு எஃப்2 என்றே தெரியும். பயிற்சிப் பாடமும் இதே மாதிரி, 'நீங்கள் சில அடிப்படை விசைகளை மாற்றியிருக்கிறீர்கள், பாடத்தில் இருப்பது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்' என்று எச்சரிக்கிறது. நாற்பது வருட உழைப்பில் இதைவிடப் பெரிய சாதனைகள் ஈமாக்ஸில் எத்தனையோ இருக்கலாம். எனக்கு இந்தச் சின்ன நாணயம்தான் பிடித்திருக்கிறது.

ஆனால் விசைப் பெயரைக் காப்பாற்றிய இயந்திரத்தால் ஓர் அத்தியாயத்தின் அர்த்தத்தைக் காப்பாற்ற முடியாது. அதற்கு மனிதர் வேண்டும், மனிதர் மறப்பார். மறதிக்கு மருந்தாக அவர்கள் வைத்திருப்பது ஒரு கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக என்ன வந்தது, எது மாறியது என்று பயனாளிகளுக்குச் சொல்லும் 'செய்திகள்' என்ற கோப்பு ஒன்று உண்டு. பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கும் காலத்தில் அதிலுள்ள குறிப்புகளின் தலையில் அடையாளம் இடுகிறார்கள். மூன்று கூட்டல் குறி இருந்தால் இந்த மாற்றத்துக்கு ஏற்பக் கையேடுகள் திருத்தப்பட்டுவிட்டன என்று பொருள். மூன்று கழித்தல் குறி என்றால் கையேட்டைத் தொட வேண்டியதில்லை. எந்தக் குறியும் இல்லாமல் மொட்டையாக நின்றால் வேலை பாக்கி. வெளியீட்டுக்கு முன் அடையாளங்களை நீக்கிவிடுவார்கள். இது போக, கையேட்டின் அத்தியாயக் கோப்புகளை வரிசையாகப் பட்டியலிட்டு, படித்துச் சரிபார்த்தவர் எதிரே தன் பெயரைப் போடும் வழக்கமும் உண்டு. இதில் எந்தத் தொழில்நுட்ப மேதைமையும் இல்லை. மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டுதான். கடன் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் தீர்க்கத் தோன்றுகிறது.

சொற்களின் கதை தனி. ஈமாக்ஸில் எழுத்தை வெட்டி எடுப்பதற்கு 'கில்' என்று பெயர், ஒட்டுவதற்கு 'யாங்க்'. நாம் விண்டோ என்று சொல்வதை அது ஃப்ரேம் என்கிறது. அந்தச் சட்டத்துக்குள் பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதியும் அதற்கு விண்டோ. 'கட்', 'பேஸ்ட்' என்று உலகம் முழுக்க வழங்கும் சொற்கள் நிலைபெறுவதற்கு முன்பே பிறந்த மென்பொருள் என்பதால் வந்த வினை. வேடிக்கை என்னவென்றால், போட்டி எடிட்டரான வி.ஐ.யிலும் அதன் வாரிசான விம்மிலும் 'யாங்க்' என்ற அதே சொல் ஒட்டுவதைக் குறிக்காமல் நகலெடுப்பதைக் குறிக்கும். பெயரை மாற்றிவிட்டுப் போகலாமே என்றால், பல பத்தாண்டுகளாக எழுதப்பட்ட நிரல்களும் பயனாளிகளின் சொந்த அமைப்புகளும் அந்தப் பெயர்களை நம்பி நிற்கின்றன. நிரலால் திருத்த முடியாத குழப்பத்தின் சுமை முழுவதும் கையேட்டின் தோளில் இறங்குகிறது. 'வேறு மென்பொருள்களில் இதைக் கட், பேஸ்ட் என்பார்கள்' என்று அது அடைப்புக்குள் சொல்லி வைக்கிறது. சொல் தேர்வில், ஈமாக்ஸை உருவாக்கும் குனு திட்டத்தாருக்கு இருக்கும் கண்டிப்பும் இங்கே நினைவுக்கு வருகிறது. பயனாளி தவறாக எதையாவது உள்ளிட்டால் அதை 'இல்லீகல்' என்று சொல்லாதீர்கள், 'செல்லாதது' என்று சொல்லுங்கள் என்பது அவர்களது எழுத்து விதிகளில் ஒன்று. கமாவை இடம் மாற்றிப் போட்டவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லையே.

இவ்வளவு மெனக்கெடுவது வீண் என்று சொல்பவர்களிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன. நல்ல நிரல் தானே பேசும், அதற்கு உரை எதற்கு என்பது முதல் வாதம். நிரலாளர்களிடையே செல்வாக்குள்ள கருத்து இது. நிரல் பேசும் என்பது சரி. அது என்ன செய்கிறது என்று மட்டும்தான் பேசும். என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வாக்குக் கொடுக்காதவரை வாக்குத் தவறினார் என்று குற்றம் சொல்ல வழி இல்லை. கையேடு என்பது அந்த வாக்கு. ஒரு கட்டளையின் உள்விளக்கம் ஒன்று சொல்லி, கையேடு வேறொன்று சொன்னால், இரண்டில் ஒன்று தவறு, ஆகவே அது பிழை என்று ஈமாக்ஸ் கையேடே ஒப்புக்கொள்கிறது. விளக்கத்தைத் திருத்த உட்காரும்போதுதான் மென்பொருளின் கோணல் தெரியவரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கட்டளையை விளக்க 'ஆனால்', 'தவிர', 'இருந்தாலும்' என்று மூன்று விலக்குகள் தேவைப்பட்டால், கோணல் வாக்கியத்தில் இருக்க வாய்ப்பு குறைவு.

விளக்கங்களை நிரலிலிருந்தே இயந்திரம் திரட்டிக்கொள்ளட்டும், தனிக் கையேடு வேண்டாம் என்று இன்னொரு தரப்பு சொல்லும். ஆயிரம் கட்டளைகளின் விளக்கத்தை அகர வரிசையில் கோத்தால் கிடைப்பது அகராதி. அகராதியைப் படித்து யாரும் மொழி கற்றதில்லை. மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டது என்ற வரிசையில் கையேடு எழுதாதீர்கள், படிக்கிறவர் மனதில் என்ன கேள்வி எழுமோ அந்த வரிசையில் எழுதுங்கள் என்று குனு வழிகாட்டுதல் சொல்வதும் இதனால்தான்.

இப்போதைய பெரிய வாதம் வேறு. யாரய்யா கையேடு படிக்கிறார்கள், தேடினால் வீடியோ வருகிறது, கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்கிறது என்பார்கள். பாதி உண்மை. ஈமாக்ஸ் கையேடு புதியவருக்குக் கனமானது, ஒரு வேலையை உடனே முடிக்க நினைப்பவரிடம் நிறையப் பொறுமை கேட்கிறது. அந்த இடத்தில் பத்து நிமிட வீடியோ வெல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த வீடியோ எந்தப் பதிப்புக்கானது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 2009க்கு முன் யாரோ சொன்ன யோசனை இன்றும் தேடலில் வந்து நிற்கும், தன் வயதைச் சொல்லாது. மென்பொருளோடு ஒரே பொட்டலத்தில் வரும் கையேடு, அந்தப் பதிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது; இணையம் அறுந்துபோன நேரத்திலும் பேசும். பதில் சொல்லும் இயந்திரமும் எங்கோ எழுதி வைத்ததைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. ஊற்றிலேயே ஒரு வரி பழசாகிக் கிடந்தால், அது நாளைக்கு ஆயிரம் பேருக்கு, ஆயிரம் விதமான வாக்கியங்களில், தன்னம்பிக்கையோடு பரிமாறப்படும்.

ஈமாக்ஸ் உலகில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிவிடவும் முடியாது. அதன் கையேட்டுக்குத் தனி உரிமம். கையேட்டின் சில பகுதிகளை யாரும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. இப்படி மாற்ற முடியாத பகுதிகளைக் கொண்ட ஆவணம் கட்டற்றதாகாது என்று, டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தினர் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அதன் விளைவாக டெபியனில் ஈமாக்ஸை நிறுவினால் எடிட்டர் வரும், கையேடு கூடவே வராது. 'கட்டற்றவை அல்லாதவை' என்ற தனிப் பிரிவிலிருந்து அதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். எடிட்டரும் கையேடும் ஒன்றே என்று இத்தனை நேரம் நான் வாதிட்டதற்கு, அதை உருவாக்கியவர்களின் உரிமமே எதிர்சாட்சி சொல்கிறது. டெபியன்காரர்கள் தங்கள் விதிப்படி செய்தது சரி. கையேட்டுக்குப் பூட்டுப் போட்டதுதான் தவறு என்பது என் தீர்ப்பு.

மிஞ்சியிருப்பது யார் திருத்துவது என்ற கேள்வி. நிபுணரின் கண் விளக்கத்தில் உள்ள ஓட்டையைத் தானாகவே நிரப்பிப் படித்துவிடும். முதல் வாரத்தில் தடுக்கி விழுகிறவருக்குத்தான் ஓட்டை தெரியும். இரண்டு மாதம் பழகினால் அவருக்கும் தெரியாமல் போய்விடும். தமிழ் பேசுபவர்களுக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. ஈமாக்ஸில் கன்ட்ரோலோடு எச், பிறகு மறுபடி எச் தட்டினால் பல மொழிகளில் வாழ்த்துச் சொல்லும் கோப்பு ஒன்று திறக்கும். அதில் தமிழ் எழுத்தில் 'வணக்கம்' இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யும் உள்ளீட்டு முறைகளும் ஈமாக்ஸோடு வருகின்றன. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற விளக்கம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. அந்த விளக்கம் சரியா, புதிதாக வரும் ஒருவருக்குப் புரிகிறதா என்று சொல்லத் தமிழில் தட்டச்சு செய்பவர்களை விட்டால் ஆளில்லை. தெரிவிப்பதற்கான கட்டளை எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது, 'ரிப்போர்ட்-ஈமாக்ஸ்-பக்' என்று பெயர். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திருத்தத்தை நீங்களே எழுதி அனுப்புவதானாலும், மொத்தம் ஏறத்தாழ 15 வரிகளுக்குள் இருந்தால் பதிப்புரிமைப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.