மேய்ச்சல் நிலத்துக்கு யார் பொறுப்பு?

பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை வழியாகச் செல்லும்போதெல்லாம் பெங்களூரு நெடுஞ்சாலையோரம் மாடுகள் நிற்பதைக் காண்கிறேன். உரிமையாளர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்பதே பலரின் கருத்து. அது தேவைதான், ஆனால், மாடு ஏன் சாலைக்கு வந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது. மேய்ச்சல் நிலத்தின் நிர்வாகம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இதை விளக்க, பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கட்ச் பாலைநிலம் நல்ல எடுத்துக்காட்டு.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பன்னி புல்வெளி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மால்தாரிகள் எனப்படும் கால்நடை வளர்ப்புக் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றன. அவர்களின் எருமைகள் இரவில் மேய்ந்துவிட்டு, விடியற்காலையில் கறவைக்கு ஊர் திரும்புபவை. அக்குடும்பங்கள் பேணி வளர்த்த பன்னி எருமை 2010-இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது.

ஆயினும், நிலத்தின் மீதான அதிகாரம் அவர்களிடம் இல்லை. 1955-இல் பன்னி, பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. உவர்நிலம் பரவாமல் தடுக்க, 1960களில் வனத்துறை சீமைக் கருவேலத்தை நட்டது. அது புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கியது. அம்மரத்தின் கேடு தமிழர்களுக்குப் புதிதன்று.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் உரிமையை ஏற்று, வன வளத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்தது. மால்தாரிகள் இச்சட்டத்தின் வழியே உரிமை கோரினர். பன்னியின் ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டிலும் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், தோப்பு முதலிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2011-இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. சட்டத்தில் குறையில்லை, அதைப் பயன்படுத்தும் மன்றம்தான் புறநகரில் மறைந்துவருகிறது. ஓர் ஊராட்சி நகராட்சியோடு இணையும்போது அதன் கிராம சபையும் முடிவுக்கு வருகிறது. மேய்ச்சல் நிலத்தைப் பற்றி மாடு வளர்ப்போர் எழுந்து கேள்வி கேட்கும் இடம் அதுவே.

எனவே, இணைப்புக்கு முன் ஒவ்வொரு ஊராட்சியும் தன் மேய்க்கால் புறம்போக்கை அளந்து, சர்வே எண்ணுடன் பட்டியலிட்டு, கிராம சபையில் பதிவு செய்ய வேண்டும். நகரமான பின் அந்நிலம் பூங்காவாகலாம், ஏரியின் நீர்வரத்துப் பகுதியாக நீடிக்கலாம், பொதுத் தொழுவமாகவும் ஆகலாம். எதுவாயினும், அது பொதுநிலம் என்பதற்கான சான்று முதலில் ஊர்மக்கள் கையில் இருக்க வேண்டும்.