சிங்க் அடைத்துக்கொண்டதா? சற்றுப் பொறுங்கள்!

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. முறுக்கும் ரிப்பன் பக்கோடாவும் சுட்டு முடித்த என் மனைவி, பாத்திரங்களைக் கழுவப் போனாள். சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. வேலைக்கு வரும் மாவ்ஷி எட்டிப் பார்த்து, "சிங்க் தும்பலா!" என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

நானோ ரயில்வேயில் வொர்க்ஸ் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன். குவார்ட்டர்ஸ் சாக்கடைகள் எல்லாம் எங்கள் பொறுப்புதான். "அடைப்பு எங்கே என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வை" என்று கலாசிகளிடம் தினமும் பாடியவன், அன்று அதை அடியோடு மறந்துபோனேன். கடையிலிருந்து காஸ்டிக் பவுடர் இரண்டு பாக்கெட் வாங்கிக் கொட்டி, வெந்நீரையும் ஊற்றினேன். அரை மணி நேரமாகியும் அசையவில்லை. பொறுமையிழந்து, சிங்க்குக்கு அடியில் இருக்கும் டிராப்பின் கிண்ணத்தைத் திருகினேன். உள்ளே தேங்கியிருந்த காஸ்டிக் நீர் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. மனைவிதான் என்னைக் குளியலறைக் குழாயடிக்கு இழுத்துப் போய் இருபது நிமிடம் நிற்க வைத்தாள். "என்னங்க, கண்ணாடி போட்டிருந்தீங்களோ, பிழைச்சீங்க" என்றாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

இதில் வேடிக்கை, அடைப்பு எங்கள் வீட்டுக் குழாயிலேயே இல்லை!

நாங்கள் இருப்பது முதல் மாடி. கீழே வண்டி நிறுத்துமிடம். நான்கு மாடிகளின் சமையலறைத் தண்ணீரும் ஒரே செங்குத்துக் குழாயில்தான் இறங்குகிறது. அதன் அடியில் அடைத்தால், மேல் வீட்டார் கழுவும் நீர் மிகத் தாழ்ந்த வாசலைத் தேடி எங்கள் சிங்க்கில் எழும்பும். ஆகவே அன்பர்களே, முதலில் உங்கள் குழாயை மூடிவிட்டு ஐந்து நிமிடம் சிங்க்கையே பாருங்கள். நீர் தானாக ஏறினால் கோளாறு பொதுக் குழாயில். செகரட்டரியிடம் சொல்லி, கீழே உள்ள சேம்பரைத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். ஏறாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் உங்கள் டிராப்பிலோ, அதை அடுத்த சில அடிக் குழாயிலோதான் இருக்கும்.

அது உங்களுடையதுதான் என்றால் பிளஞ்சர் என்னும் ரப்பர் கிண்ணம் போதும். ரப்பர் மூழ்குமளவு தண்ணீர் வேண்டும். காற்று அமுங்கிக் கொடுக்கும், நீர் அமுங்காது. சிங்க்கின் மேற்பக்கம் உள்ள ஓவர்ஃப்ளோ ஓட்டையை ஈரத்துணியால் அடைக்க மறக்காதீர்கள். இரட்டைச் சிங்க்காக இருந்தால் மற்றதன் வாயையும் அடைக்க வேண்டும். பலர் அழுத்துவதில் மட்டும் பலத்தைக் காட்டுகிறார்கள். சடக்கென்று மேலே இழுப்பதும் அதே அளவு வேலை செய்யும். இருபது தடவை முன்னும் பின்னும் ஆட்டியும் அசையாவிட்டால், அடியில் வாளியை வைத்து டிராப்பின் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். வாஷர் வாளிக்குள் விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால், மடிப்புகளில் காபித்தூளும் புளிச் சக்கையும் படிந்திருக்கும். அதைச் சுரண்டுவதைவிடப் புதிது மாற்றுவதே மேல்.

டிராப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் தேங்கி நிற்கும் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் நமக்கும் நடுவே உள்ள கதவு. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, கழிப்பறைக்காக இந்த வளைவைக் காட்டிக் காப்புரிமை பெற்றார். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியபோது, குளியலறைத் தரையில் உள்ள டிராப்புகள் வறண்டிருந்ததை ஆய்வாளர்கள் ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். மே மாதம் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பும்போது வீடு நாறுவதும் இதனால்தான். வந்தவுடன் எல்லா டிராப்பிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

சரி, அடைப்பு ஏன் வருகிறது? ஊரில் இத்தனை தொல்லை இல்லையே என்று கேட்கலாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நெய்யும் வனஸ்பதியும் அப்படியே. சென்னையிலோ நாகர்கோவிலிலோ குழாயில் ஓடிப்போவது, புனேயின் மார்கழி இரவில் 10, 12 டிகிரியில் மெழுகாகிவிடும். போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கொழுப்போடு சேர்ந்து இன்னும் கெட்டியாகும். 2017-இல் லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் இப்படியொரு கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. வெந்நீர் ஊற்றினால் தீருமா? கொழுப்பு இளகி, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி உறையும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலோ, 80 டிகிரியை நெருங்கும்போதே பிவிசி குழாய் இளகத் தொடங்கும். சாதம் வடித்த கஞ்சிக்கும் இது பொருந்தும், ஆறவிட்டு ஊற்றுங்கள்.

காஸ்டிக் கொழுப்பைச் சோப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீர் ஓடாத குழாயில் அது கல்லாகவே இறுகிவிடக்கூடும். அதன் மேல் ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மேலே பட்டுவிட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

மறுநாள் காலை, தீபாவளியாக இருந்தும் பிளம்பர் வந்தார். சேம்பர் மூடியைத் தூக்கி, வெறுங்கையை உள்ளே விடப் போனவர் சட்டென்று நிறுத்தி, "பாவ்டர் டாக்லீ கா?" என்று கேட்டார். நான்கு மாடிக்காரர்களும் சுற்றி நிற்கிறார்கள். நான் இன்ஜினியர் என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்கமாக இருந்தாலும், "ஆமாம், இரண்டு பாக்கெட்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீண்ட ரப்பர் கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நிறையத் தண்ணீர் விடச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கினார். வெளியே வந்தது தேங்காய் நார் பின்னிய வெள்ளைக் கட்டி. மேல் வீட்டு வஹினியின் சக்லி எண்ணெய் எவ்வளவு, எங்கள் முறுக்கு எண்ணெய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. கூலியை நாலாகப் பங்கிட்டுக் கொடுத்தோம்.

இப்போது எங்கள் சிங்க்கின் பக்கத்தில் பழைய செய்தித்தாள் துண்டுகள் ஒரு கொக்கியில் தொங்குகின்றன. எண்ணெய்ச் சட்டியை அதில் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகுதான் என் மனைவி தண்ணீரைத் திறக்கிறாள். அந்தப் பேப்பரைக் கிழித்து வைப்பது என் வேலை.