வாசலை மறித்துப் பாடியவர்

1994-ல் என் கணவருக்குப் பாட்னாவுக்கு மாற்றல். கைக்குழந்தையும் அரைகுறை ஹிந்தியுமாகப் போய் இறங்கினேன். வீட்டுக்கார அம்மாளை மாஜி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் என்னை 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்துக்கு அழைத்துப் போனார். நம் எஸ்.பி.பி. பாடும்போதெல்லாம் நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணப்பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் கட்டத்தில் வேறொரு குரல் வந்தது. வழவழப்பே இல்லாத குரல். கல்யாண வீட்டில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா பாடுவது போல. மாஜி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்க சாரதா!" என்றார்.

அவர்தான் சாரதா சின்ஹா. 1952-ல் பீஹாரின் ஹுலாஸ் கிராமத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகளுக்கு நடுவே ஒரே பெண். அந்தக் காலத்திலேயே அப்பா வீட்டுக்கு ஆசிரியரை வரவழைத்துப் பாட்டு கற்றுக் கொடுத்தார்.

அங்கே ஒரு சம்பிரதாயம் உண்டு. அண்ணன் புதுப்பெண்ணோடு வீட்டுக்கு வந்தால் தங்கைகள் வாசலை மறித்துக்கொண்டு, பரிசு கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்று பாடுவார்கள். (நம் வீட்டு நாத்தனார் சீர் நினைவுக்கு வருகிறதா?) தன் அண்ணன் கல்யாணத்தில் சாரதா பாடியதும் அப்படி ஒரு பாட்டுத்தான். பிற்பாடு அதுவே அவருடைய முதல் இசைத்தட்டாயிற்று.

அது லேசில் வந்துவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் லக்னோவில் இசைத்தட்டுக் கம்பெனியின் குரல் தேர்வில் முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்களாம். இனி இந்தத் தொண்டை எதற்கு என்று கோபத்தில் ஐஸ்கிரீமாக வாங்கித் தின்றாராம்! கணவர் விடவில்லை. இன்னொரு தடவை பாட வைத்தார். அன்று கேட்டுப் பாராட்டியவர் கஜல் அரசி பேகம் அக்தர்.

புகுந்த வீட்டிலோ மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் பஜனை பாடலாம், வெளியே மேடையேறக் கூடாது என்று சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாராம். மாமனாரும் கணவரும்தான் பக்கபலம். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை வருவது நிஜம். நானும் கல்யாணத்துக்கு முன் பாட்டு கற்றவள்தான். "போதும்மா, அடுப்பைப் பாரு" என்ற ஒரே வார்த்தையில் வர்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

1989-ல் 'மைனே ப்யார் கியா'வில் பாடியதும் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. வேறொருவராக இருந்தால் பம்பாய்க்கு மூட்டை கட்டியிருப்பார். இவர் சமஸ்திபூர் மகளிர் கல்லூரியில் சங்கீதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு பீஹாரிலேயே இருந்தார். பேர் சொல்லும் சினிமாப் பாட்டு விரல் விட்டு எண்ணக் கூடியதுதான். 2012-ல் 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' இரண்டாம் பாகத்தில் கல்யாண வீட்டுக் கேலிப் பாட்டு ஒன்று. இசையமைத்தவரும் ஒரு பெண், ஸ்நேகா கன்வல்கர். போஜ்புரியில் இரட்டை அர்த்தப் பாட்டுகள் பெருகிய காலத்தில் அந்தப் பக்கமே போகாதவர் சாரதா. "அவ கேசட்டை மாமனார் எதிர்லயே போடலாம்" என்பார் மாஜி. இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? 1991-ல் பத்மஸ்ரீ, 2018-ல் பத்மபூஷண், மறைந்த பிறகு 2025-ல் பத்மவிபூஷண் எல்லாம் வந்தன என்பது வேறு விஷயம்.

நாம் கந்த சஷ்டி இருக்கும் அதே நாளில் அங்கே சத் பூஜை. பெண்கள் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆற்றில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடுவார்கள். பாட்னாவில் நான் இருந்தவரை ஒலிபெருக்கியில் சாரதாவின் பாட்டு இல்லாத படித்துறையே பார்த்ததில்லை.

2024 செப்டம்பரில் கணவர் காலமானார். ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த சாரதா, சத் பூஜையின் முதல் நாளான நவம்பர் 5 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கண் மூடினார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அவருடைய கடைசி சத் பாட்டை மகன் வெளியிட்டார். 7-ந் தேதி பாட்னாவில் அரசு மரியாதையோடு தகனம்.

அன்று சாயங்காலம் மாஜியின் மகள் கங்கைக் கரையிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "தீதி, கேளுங்க" என்றாள். அப்புறம் பேசவில்லை, போனைத் தூக்கிப் பிடித்திருப்பாள் போலிருக்கிறது. தண்ணீர்ச் சத்தத்துக்கும் ஜனச் சத்தத்துக்கும் மேலே ஒலிபெருக்கியில் அதே குரல்!